மேசையில் ஓடும், மலையில் நிற்கும்

டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மெஷினைப் பழுது பார்ப்பவனிடம் யாரும் முழு விபரம் சொல்வதில்லை. அவனும் பெரும்பாலும் முழுதாகக் கேட்பதில்லை.

சாப்பாட்டுப் பெட்டி அளவிலான அந்தச் சாமானை நீங்களும் சீட்டுக்கு அடியில் எங்கேயாவது வைத்திருப்பீர்கள். வாங்கிய அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டியிருப்பீர்கள். பிறகு ஒரு நாள், மழையில், வளைவில், பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தபோது அது ஓடியிருக்காது. அந்த நேரத்தில் உங்கள் வாயில் வந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். அவற்றில் பாதி என்னைப் போன்றவர்களுக்கானவை. கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உக்குவளையில் ரயில் கடவைக்குக் கொஞ்சம் தள்ளி என் கடை. மின்விசிறி, சோறு சமைக்கும் குக்கர், அரைக்கும் மெஷின் எல்லாம் வரும். ஆட்டோக்கள் பெருகிய பிறகு காற்றடிக்கும் மெஷின்கள்தான் அதிகம் வருகின்றன. கைவேலை தெரிந்த யாரையும் இந்தப் பக்கத்தில் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள். எனவே நானும் பாஸ். ஐம்பத்தைந்து வயதாகிறது. அந்தப் பெயருக்கு நான் பொருத்தமா என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு. அந்தச் சந்தேகத்தை ஒரே மெஷின் மூன்று தடவை கொண்டுவந்து என் மேசையில் வைத்தது. கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அந்த மெஷினைப் பற்றியவைதான்.

காற்று வருகிறது, எண் வரவில்லை

யட்டவத்தைப் பக்கத்தில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கியவர். எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். ஒரு நாள் தன் சின்ன லொறியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கிளிப்புகளைப் பெட்டரியில் நேரே மாட்டி ஓட்டுகிற வகை அது. காற்று நன்றாக அடிக்கிறது, எவ்வளவு காற்று என்று காட்டும் எண் மட்டும் தெரியவில்லை என்றார். "கிளிப்ப மாத்தி மாட்டிட்டீங்களா நானா?" என்று கேட்டேன். "நாப்பது வருசம் லொறி ஓட்டின எனக்கா தம்பி பிளஸ் மைனஸ் தெரியாது?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மூடியைக் கழற்றினேன். எண் காட்டும் சின்னப் பலகையில் மிளகு அளவு ஒரு பாகம் கருகிப் போயிருந்தது. இந்த மாதிரி மோட்டருக்குப் பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் பெரிய கவலை இல்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றும், பிஸ்டன் அப்போதும் ஏறி இறங்கும், காற்று வரும். அந்தப் பலகைக்கு அந்தத் தாராள மனசு கிடையாது. கருகியதை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். காட்டும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை. பிடித்துவிட்டேன் அல்லவா. பிறகு வெளியே போய் லொறியின் பெட்டரியைப் பார்த்தேன். எண்ணெயும் தூசியும் படிந்து, எது பிளஸ் என்று எனக்கே தெரியவில்லை. துணியால் துடைத்துத்தான் கண்டுபிடித்தேன். நானா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"கிளிப்பு ரெண்டும் கறுப்பா ஈக்கி, பெட்டரியும் கறுப்பா ஈக்கி. இதில என்னய மட்டும் கொற சொல்றியே தம்பி!"

சொப்பிங் பேக்கில் ஒரு நோயாளி

மேலே எல்கடுவைத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் பழுதான சாமானுடன் நேரில் வருவதில்லை. வந்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். பழுது பார்த்த பிறகு அதே கண்டக்டர் மேலே கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் பக்கத்துக் கண்டக்டர் பெயர் சுனில். சிங்களவர். தமிழை வேகமாகவும் தைரியமாகவும் பேசுவார். கடைக்கு வரும் பழுதான சாமான்கள் எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ‘லெடா’. சிங்களத்தில் நோயாளி.

அப்படி ஒரு நாள் சொப்பிங் பேக்கில் சுற்றி ஒரு காற்றடிக்கும் மெஷின் வந்தது. கொப்பித் தாளில் "ஓடவில்லை. நாளைக்கே வேணும். ஆட்டோ மூர்த்தி" என்று எழுதி, கீழே போன் நம்பர். பிளக்கின் நுனியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இருக்கும் கண்ணாடிப் பியூஸ் கருகியிருந்தது. புதிது போட்டு, மேசையில் எப்போதும் சார்ஜில் இருக்கும் என் பெரிய கார் பெட்டரியில் இணைத்து, சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பழைய டயருக்கு அடித்துப் பார்த்தேன். பாடிக்கொண்டு ஓடியது. பத்து நிமிட வேலை. நாளைக்கே ஏன் வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் எல்லாமே நாளைக்கேதான் வேண்டும். கீழிறங்கிய பஸ் திரும்ப மேலே போகும்போது சுனில் மிதிபலகையில் நின்றபடியே பையை வாங்கினார்.

"சுகமாயிட்டா பாஸ்? அப்ப போறப்ப சீட்டு குடுப்போம், வர்றப்பதான் பாவம் கீழ படுத்துக்கிட்டு வந்தான்!"

போன் சார்ஜ் ஆகுதா?

பத்து நாளில் அதே பை திரும்பி வந்தது. இந்தத் தடவை பிளக் உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வண்டியின் சாக்கெட்டுக்குள் சூடேறியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும். மூர்த்திக்குப் போன் எடுத்தேன். குரலில் நாற்பது வயது தெரிந்தது. மரியாதையான ஆள். தொழிலில் நாங்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியையே நானும் கேட்டேன். "அந்தச் சாக்கெட்டுல போன் சார்ஜ் ஆகுதா?" "நல்லா ஆகுதுண்ணே." "அப்ப சாக்கெட்ல ஒண்ணுமில்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

நீங்களும் இப்படித்தான் பார்த்திருப்பீர்கள். ஒன்று வேலை செய்தால் மற்றதும் வேலை செய்ய வேண்டும் என்று நினைப்போம். நான் அதோடு நிறுத்தவில்லை. அவர் மெஷினை நிறுத்தாமல் ஓட்டுவதால்தான் சூடாகிறது, இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஒரு பாடமே நடத்தினேன். கனமான புதுப் பிளக் போட்டு, மேசையில் ஓட்டிப் பார்த்து, அனுப்பினேன். அவர் எத்தனை நிமிடம் ஓட்டினார் என்று நான் கேட்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்.

"சரிண்ணே, இனி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கிறேன். மெஷினுக்கும் மூச்சு வாங்கும்தானே."

துவாய்க்குள்

இடையில் ஒரு டீச்சர் வந்தார். உக்குவளையில் வாடகை வீடு, ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறவர். மெஷின் இரண்டு நிமிடம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஓடுகிறது, பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். மெஷினின் காற்றுத் துளைகளில் நீல நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. சூடு எல்லை தாண்டினால் தானே நின்று, ஆறியதும் தானே ஓட உள்ளே ஒரு பாதுகாப்பு உண்டு. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டீச்சருக்கு முகம் சிவந்தது.

"விடிய முன்னுக்கு அடிக்கிறேன் பாஸ், பக்கத்து வீட்ல கைக்குழந்தை தூங்குது. சத்தம் கேக்காம இருக்கத்தான் துவாயால போத்தி விட்டேன்."

மூன்றாவது தடவை

எல்கடுவை மெஷின், பாதியில் நிற்கிறது என்ற தாளோடு மூன்றாவது முறையாக வந்தபோது நான் அதைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. முழுதாகப் பிரித்தேன். மோட்டருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் துண்டுகள் பாதி தேய்ந்திருந்தன. உண்மையைச் சொன்னால், இன்னும் ஒரு வருடம் தாங்கும். ஆனாலும் மாற்றினேன். எதையும் மாற்றாமல், காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஸ்விட்சுக்கும் புதுசாக ஈயம் வைத்தேன். மேசைப் பெட்டரியில் முன்னைவிட நன்றாக ஓடியது. சுனில் வந்ததும் பையைக் கொடுத்துக்கொண்டே புலம்பினேன். மேலே இருக்கும் அந்த ஆளுக்கு ஒரு மெஷினை வைத்துப் பாவிக்கத் தெரியவில்லை, இங்கே ஓடுகிறது, அங்கே போனதும் கெடுக்கிறான் என்றேன்.

சுனில் சிரிக்கவில்லை. பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டிவிட்டுப் பேசினார். மூர்த்தியின் மனைவி புஷ்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் இரத்தம் சுத்தம் செய்ய வத்தேகமைப் பக்கமாகக் கண்டிக்குப் போக வேண்டும். காலை முறை. ஆட்டோவின் பின் டயர் ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் காற்று இறங்கிவிடும். ரிம்மில் துரு, புது டியூபையும் ஒரு மாதத்தில் கடித்துவிடுகிறது. போன வாரம் ஒரு நாள் இந்த மெஷின் பாதியில் நின்று, மூர்த்தி சைக்கிள் பம்பால் அடித்து முடித்துப் போய்ச் சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. அடுத்த நோயாளி காத்திருந்ததால் புஷ்பாவுக்குக் குறைந்த நேரமே செய்ய முடிந்ததாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுனில் ஏறினார்.

"லெடா இது இல்ல பாஸ். லெடா வீட்ல இருக்கு."

செவ்வாய்க்கிழமை போன்

அடுத்து வந்த திங்கட்கிழமை முழுவதும் கையில் எந்த வேலையும் ஓடவில்லை. மூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால், ஓடவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். பழுது பார்க்கிற ஒருவன் தன் வேலையைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவரே எடுத்தார். புகார் சொல்கிற குரலே இல்லை. மெஷின் ஓடுகிறதாம், ஆனால் முனகுகிறதாம், டயர் பாதி நிறைந்ததும் நின்றுவிடுகிறதாம். நேற்றும் பிந்தித்தான் போனார்கள். புஷ்பாவின் கால் வீங்கியிருக்கிறது. வியாழக்கிழமை முழு நேரமும் கட்டாயம் செய்ய வேண்டும், நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து லயத்து வீடுகளில் வேறு ஆட்டோ இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, அந்த நேரத்தில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். மெஷினை இன்றைக்கே பஸ்ஸில் அனுப்புங்கள் என்றேன். வியாழனுக்குள் திரும்பி வராவிட்டால் பாதிக் காற்றும் இல்லாமல் போய்விடும், அதனால் வேண்டாம் என்றார். அப்போதுகூட "எனக்குக் காரணம் தெரியவில்லை" என்ற ஒரு வசனத்தை என்னால் சொல்ல முடியவில்லை. பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவரோ எனக்கே ஆறுதல் சொன்னார்.

"உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லண்ணே. எங்க மலைதான் அதுக்கு ஒத்துக்குதில்ல போல."

யட்டவத்தையிலிருந்து ஒரு பைல்

அதே செவ்வாய் பின்னேரம் யட்டவத்தையில் வேலை செய்யும் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் காரில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். கையில் காற்றடிக்கும் மெஷின், கக்கத்தில் ஒரு பைல், சட்டைப் பையில் ஒரு கடித உறை. மெஷினைத் தானே திறந்து பார்த்துவிட்டு மூடியிருந்தார். மூடிய பிறகு மிஞ்சிய நான்கு திருகாணிகள் அந்த உறைக்குள் இருந்தன. உறைக்கு மேல் "மிகுதி" என்று எழுதியிருந்தார். சாதாரண நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. அவர் பைலைத் திறந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தார். "தம்பி, மெசின் ஓடாமல் இருக்கேக்க சாக்கெட்டில பன்னிரண்டரை வோல்ட் காட்டுது. ஓடவிட்டு அளந்து பாத்தனான். எட்டுத்தான். திரும்ப நிப்பாட்டினால் பன்னிரண்டரை. இது என்ன விளையாட்டு?"

ஓடவிட்டு அளந்தார். அந்த வார்த்தையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். போன் கரண்டைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். இந்த மெஷின் வாளி வாளியாகக் குடிக்கும். சொட்டு வருகிறதா என்று கேட்டுவிட்டு, வாளிக்கும் தண்ணீர் வரும் என்று நான் மூர்த்திக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன். இதெல்லாம் தெரியாத விஷயமல்ல. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வண்டி கண் முன்னால் இல்லாததால், என் மேசைப் பெட்டரியையே வண்டி என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். உத்தியோகத்தரின் காரில் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு இணைப்பு தளர்ந்து கருகியிருந்தது. வெட்டிப் புதிதாக இணைத்து, நான்கு ஆணிகளையும் அதனதன் இடத்தில் போட்டுக் கொடுத்தேன். மூன்று தடவை பார்த்தும் கோட்டைவிட்ட எல்கடுவைக் கதையை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் பைலை மூடிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீங்கள் மெசினை மூண்டு தரம் பாத்திருக்கிறியள், வண்டியை ஒருக்காலும் பாக்கேல்லை. அப்பிடித்தானே தம்பி?"

நானே ஏறினேன்

புதன்கிழமை கடையைத் திறக்கவில்லை. கனமான செப்பு வயர், பியூஸ் கூடு ஒன்று, பெரிய சாக்கெட் ஒன்று, மீட்டர், குறடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மேலே போகும் பஸ்ஸுக்கு நின்றேன். சுனில் பையை வாங்கக் கையை நீட்டினார். நான் பையைக் கொடுக்காமல் நானும் ஏறியதும் ஆச்சரியப்பட்டார். வளைவுகளில் ஏறும்போதெல்லாம் ஒரே யோசனை. அங்கேயும் காரணம் பிடிபடாவிட்டால் என்ன சொல்வது? இந்தத் தடவை பழியை மலை மேலும் போட முடியாது, மூர்த்தி மேலும் போட முடியாது.

லயத்து வாசலில் ஆட்டோ நின்றது. மூர்த்தி ஓடிவந்தார். புஷ்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். சுவெட்டர் போட்டு, வீங்கிய காலைச் செருப்பில் நுழைக்காமல் மேலே வைத்துக்கொண்டு, மறுநாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். டீ ஊற்றச் சொல்லிக் கணவனை விரட்டினார். முதலில் வேலை என்று சொல்லிச் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை. "மெஷினப் போடுங்க" என்றேன். மூர்த்தி ஸ்விட்சைத் தட்டினார். மெஷின் முனகியது, மீட்டர் ஏழுக்கு விழுந்தது. டாஷ்போர்டைக் கழற்றினேன். யாரோ ஒரு சவுண்ட் செட் பொருத்துபவர், போன் சார்ஜ் பண்ணத்தானே என்று, ஸ்பீக்கருக்கு இழுக்கும் மெல்லிய வயரையே சாக்கெட்டுக்கும் இழுத்திருந்தார். எர்த் வயர் துருப்பிடித்த ஒரு ஆணியில் சுற்றப்பட்டிருந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மூன்று தடவை பஸ்ஸில் போய்வந்த பழுதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெட்டரியிலிருந்து நேராகக் கன வயர் இழுத்து, நடுவில் பியூஸ் வைத்து, சீட்டுக்கு அடியில் புதுச் சாக்கெட்டைப் பொருத்தினேன். மெஷின் என் மேசையில் பாடிய அதே குரலில் அங்கேயும் பாடியது. பின் டயர் நிறைந்து வண்டி மெதுவாக எழுந்ததை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பியூஸ் ஏன் போனது, அதுவும் இதனால்தானா என்று மூர்த்தி கேட்டார். இருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது என்றேன். அந்த ‘தெரியாது’ அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கார்பனை வீணாக மாற்றினேன், நான் கேட்ட கேள்வியே பிழை, உங்கள் மேல் பழி போட்டேன் என்றும் சொன்னேன். "விடுங்கண்ணே, சார்ஜ் ஆகுதுன்னு நானுந்தானே சொன்னேன்" என்றார் மூர்த்தி. டீக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, புஷ்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

"பஸ்ஸில மெஷின மட்டுந்தான் அனுப்பலாம்னு நெனச்சிட்டோம்ணே. பாஸையும் அனுப்புவாங்கன்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பமே!"

வியாழன்

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் அந்த வேலையை மனதுக்குள் மறுபடி செய்துகொண்டிருந்தேன். பெட்டரியின் இரண்டு ஆணிகளையும் இறுக்கினேனா? இரண்டாவதை இறுக்கியது நினைவில் இருக்கிறதா, இல்லை இறுக்கியதாக நினைக்க விரும்புகிறேனா? வயர் சீட்டின் இரும்பில் உரசாமல் கட்டினேனா? போனை எடுத்தேன், வைத்தேன். அந்த நேரத்தில் போன் பண்ணினால் அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். பண்ணாவிட்டால் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. ஒரு மெஷினை மேலே அனுப்பிவிட்டு மறந்துபோன அந்த மூன்று தடவைகளும் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். போன் அடிக்கவே இல்லை. ஏழு மணி, எட்டு மணி. ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும் நேரம். அடிக்கவில்லை.

எல்கடுவையிலிருந்து இறங்கும் காலை பஸ் அன்று பிந்தியது. வந்து நின்றதும் நான் ரோட்டுக்கே போய்விட்டேன். சுனில் மிதிபலகையில் நின்றபடி கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், கேட்க வந்ததைக் கேட்க விடாமல், இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"மூர்த்தி வண்டி கறுக்கல்லயே வத்தேகமப் பக்கம் எறங்கிருச்சு பாஸ், புஷ்பா அக்கா பின்னால சாஞ்சு தூங்கிட்டுப் போறா. ஒங்களுக்கு இன்னைக்கு மேலேருந்து ஒண்ணுமில்ல, உள்ள போய் ஒங்க வேலயப் பாருங்க!"

ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தோம் என்பதற்கு எங்கள் தொழிலில் கிடைக்கும் ஒரே சான்றிதழ், அதற்குப் பிறகு யாரும் நம்மைக் கூப்பிடாமல் இருப்பதுதான்.